மைக்கை அணைக்காத அண்ணாச்சி

கோவில்பட்டியில் நான் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்பில் சேர்ந்த அன்று சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே தெருவில் ஒருவர், "எண்ணே, கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்குத எடம் இந்த மாடிதானா? செருப்ப இங்கன விட்டுட்டுப் போகவா, கையில தூக்கிட்டுப் போகவா?" என்று கேட்டார். கேட்டது கீழே இருந்த டீக்கடைக்காரரிடம். பதில் சொன்னது எதிர்வரிசை ஜவுளிக்கடைக்காரர். "மேல கொண்டு போயிருங்க அண்ணாச்சி, இங்கன நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று அவர் அங்கிருந்தே கத்தினார்.

படியேறி வந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒல்லியான, குட்டையான மனிதர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அந்த உடம்புக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. வாசலில் நின்று, "அனைவருக்கும் வணக்கம்" என்றார். அனைவர் என்று அங்கே இருந்தது டீச்சரும் நானும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் செல்போன் கடை வைத்திருந்த ஒருவரும்தான்.

அவர் மைக்செட் வைத்திருந்தார். வாடகைக்கு விடுவதோடு நிற்கவில்லை, அறிவிப்பும் அவரே செய்வார். கல்யாணம், கோவில் கொடை, பள்ளிக்கூட விளையாட்டு விழா, கபடிப் போட்டி எல்லாவற்றிலும் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை அவர் குரல் கேட்காத ஊர் இல்லை. திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை அவர் கூப்பிட்டால், தொலையாத பிள்ளைகள்கூட ஓடிவந்து நிற்கும் என்று சொல்வார்கள்.

அப்படிப்பட்டவருக்குப் பைத்தான் எதற்கு? முதல் நாளே அதையும் சொல்லிவிட்டார். போட்டி நடத்துகிறவர்கள் அணிகளின் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார்களாம். ஒரு அணி தாமதமாக வரும், ஒரு அணி வராமலே போகும், ஒரு அணி நடுவில் புதிதாக முளைக்கும். அடித்துத் திருத்திக் கடைசியில் அந்தச் சீட்டை யாராலும் படிக்க முடியாது. "நான் தப்பாக் கூப்பிட்டுட்டேன்னு வைங்க, ஒரு ஊரே எம்மேல கோவப்படுது. அதான் ஒரு புரோகிராம் எழுதிக்கிடலாம்னு வந்தேன்."

டீச்சர் குளத்தூர்க்காரர். வயது முப்பதுக்குள்தான். நன்றாகத் தெரிந்தவர், ஆனால் குரல் மட்டும் மூன்றாவது நாற்காலியைத் தாண்டாது. சன்னலுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தால் அன்றைய பாடம் அதோடு போயிற்று. அண்ணாச்சி இரண்டாம் நாளே இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். டீச்சர் ஒரு வரி சொன்னதும் அவர் எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொல்வார்.

"பல பேரை ஒரே பெயர்ல வரிசையா வச்சுக்கிடறதுக்குத்தான் லிஸ்ட்" என்பார் டீச்சர்.

"பல பேரை வரிசையா நிப்பாட்டி, மொத்த வரிசைக்கும் ஒரு பேரு! அதான் லிஸ்ட்! சதுர அடைப்புக்குறி போடுங்க, உள்ள ஆளுக்கு ஒரு கமா போட்டுப் பிரிங்க!" என்பார் அண்ணாச்சி.

எங்களுக்கு எல்லாப் பாடமும் இப்படி இரண்டு தடவை கிடைத்தது. கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு தடவை கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து டீ மாஸ்டர் என்னிடம், "என்ன தாயி, இன்னைக்கு அப்பெண்ட்டா?" என்று கேட்டார்.

அப்பெண்ட் என்றால் வரிசையின் கடைசியில் ஒருவரைச் சேர்ப்பது. இன்செர்ட் என்றால் எந்த இடத்தில் என்று சொல்லி நுழைப்பது. இதை அண்ணாச்சி ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "தாமசமா வந்தவரு அப்பெண்ட். சேர்மன் வந்துட்டாருன்னா இன்செர்ட் சைபர், நேரா முன்னால கொண்டு நிப்பாட்டிர வேண்டியதுதான்."

ஆனால் அந்தச் சைபரை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரிசையில் முதல் ஆளுக்கு எண் பூஜ்யம், இரண்டாம் ஆளுக்கு ஒன்று என்று டீச்சர் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"மேடம், விடியக்காலம் எந்திரிச்சு வந்து முத ஆளா நிக்குதான். அவனைப் போயி சைபர்னு கூப்பிட்டா அவன் மனசு என்ன பாடுபடும்?"

டீச்சர் சிரித்துக்கொண்டே, "அது அவருக்குப் போடுற மார்க் இல்ல அண்ணாச்சி. வரிசையோட தலைமாட்டுல இருந்து எத்தன அடி தள்ளி நிக்காருங்கறதுதான் அந்த எண். முத ஆளு ஒரு அடியும் தள்ளி நிக்கலைல்லா, அதான் சைபர்" என்றார்.

அண்ணாச்சி யோசித்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி, "சரிதான்! ஒத்துக்கிடுதேன்!" என்றார். கீழே யாரோ கைதட்டினார்கள்.

மைனஸ் ஒன்று என்று கேட்டால் கடைசி ஆள் வருவார் என்று தெரிந்த அன்று அவருக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. "கடைசியில நிக்குதவனையும் மதிச்சிருக்கான் பாருங்க! பின்னாலருந்து எண்ணுனா அவந்தான் மொத ஆளு!"

தப்பு வந்தால்தான் அவர் உண்மையில் யார் என்று தெரியும். எங்களுக்கெல்லாம் திரையில் சிவப்பெழுத்து வந்தால் அவமானம். பக்கத்தில் இருப்பவர் பார்ப்பதற்குள் அழித்துவிடுவோம். அவர் எழுந்து நின்று அதை அறிவிப்பார். ஐந்து பெயர் இருந்த வரிசையில் ஐந்தாம் எண்ணைக் கேட்டுவிட்டார் ஒருநாள். எண்ணிக்கை ஐந்துதான், ஆனால் பூஜ்யத்தில் தொடங்குவதால் கடைசி எண் நான்கு. திரையில் சிவப்பாகத் திட்டு வந்தது. "ஒரு முக்கிய அறிவிப்பு! எல்லைக்கு வெளியே போயி ஆள் தேடிய குற்றத்துக்காக நமது புரோகிராம் நிறுத்தப்பட்டுள்ளது! எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சாத்தான் கடைசி எண்ணு, எல்லாரும் குறிச்சுக்கிடுங்க!"

எனக்கும் அதே தப்பு அதே நேரத்தில் வந்திருந்தது. சத்தமில்லாமல் திருத்திக்கொண்டேன். கல்லூரிப் பெண்களும் திருத்திக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

சார்ட் படித்த நாள் இன்னும் வேடிக்கை. அது வரிசையை அகர வரிசைப்படி மாற்றி நிறுத்தும். அண்ணாச்சி ஊர்ப் பெயர்களை உள்ளே போட்டு, சார்ட் செய்து, வந்ததை மறுபடி 'ஊர்கள்' என்ற பெயரிலேயே வாங்கி வைத்தார். திரையில் அச்சடித்துப் பார்த்தால் ஒரு ஊரும் இல்லை. 'நன்' என்று ஒரு சொல் மட்டும் நின்றது.

"மேடம்! எல்லா ஊரையும் காணோம்! கோவில்பட்டியே இல்ல!"

டீச்சர் வந்து பார்த்தார். சார்ட் இருக்கிற வரிசையையே அந்த இடத்தில் ஒழுங்குபடுத்திவிடும், புதிதாக ஒரு வரிசையைக் கையில் கொடுக்காது என்று விளக்கினார். 'நன்' என்றால் 'ஒன்றுமில்லை', கையில் வந்தது அதுதான். அந்த ஒன்றுமில்லையைக் கொண்டுபோய் 'ஊர்கள்' என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு ஊர் எங்கே இருக்கும்? சார்ட் என்று மட்டும் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

"வேலையச் செஞ்சு முடிச்சுட்டான், கூலியா ஒண்ணையும் தரமாட்டான். நான்தான் போயி கைய நீட்டியிருக்கேன்" என்று அண்ணாச்சி தெருவுக்கே சொன்னார்.

அந்தக் குரலால் சங்கடமும் உண்டு. டீச்சரின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் கேக் வெட்டலாம் என்று நாங்கள் ஐந்து பேரும் பேசி வைத்திருந்தோம். அண்ணாச்சியிடம் மூன்று முறை சொல்லியிருந்தோம், வாயைத் திறக்கக் கூடாது என்று. முந்தின நாள் வகுப்பு முடிந்து டீச்சர் பையை எடுத்ததும் அவர், "மேடம், நாளைக்கு உங்களுக்குத் தெரியாம கேக் வெட்டப்போறோம், லீவு போட்டுராதீங்க" என்றார். நாங்கள் தலையில் கைவைத்தோம். அவருக்குக் கடைசி வரை என்ன தப்பு செய்தோம் என்று புரியவில்லை. "வராமப் போயிட்டாவன்னா கேக்க யாரு திங்கதுக்கு?" என்றார்.

எனக்கு அவர்மேல் ஒருமுறை நிஜமாகவே கோபம் வந்தது. அப்போது நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தேன். பண்டல் எவ்வளவு எந்த லாரியில் போகிறது என்று பதிவது என் வேலை. வகுப்புக்குப் போவதை அங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால், வேறு வேலைக்கு ஓடப் பார்க்கிறாள் என்று முதலாளி நினைப்பார் என்று பயம். ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முதலாளி நின்றுகொண்டிருந்தார், நான் இரண்டடி தள்ளி நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல்.

"தங்கச்சீ! நேத்து எழுதுன புரோகிராம் ஓடிச்சா? அப்பெண்டுக்குப் பதிலா எக்ஸ்டெண்ட் போட்டுப் பாத்தியா?"

பஸ் ஸ்டாண்டே திரும்பியது. முதலாளியும் திரும்பினார். எனக்குத் தரைக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. மறுநாள் முதலாளி கூப்பிட்டு, "என்ன புரோகிராம்மா அது?" என்றார். மறைக்க வழியில்லை. சொன்னேன். அவர், "வகுப்பு இருக்குத அன்னைக்கு அரை மணி முன்னால கெளம்பிக்கோ. மூச்சு வாங்க ஓடிப்போயி என்னத்தப் படிப்ப?" என்றார்.

அன்று மாலை அண்ணாச்சியிடம் சண்டை போடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஏன் அண்ணாச்சி அப்படிக் கத்துனீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"வாய்க்குள்ளயே வச்சிருந்தா புளிச்சுப்போயிரும் தங்கச்சி" என்றார். அதை அவர் அடிக்கடி சொல்வார். அவர் மனைவியை ஒருமுறை அவர்கள் வீட்டில் பார்த்தேன். முற்றம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடந்தன. "நாங்க டிவி வாங்குனதே போன வருசந்தான்மா. அதுக்கு முன்னால தேவைப்படல" என்றார் அந்த மதினி.

எக்ஸ்டெண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை அவர் சொன்ன மாதிரி எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு படிக்கவில்லை. ஒரு லிஸ்டுக்குள் இன்னொரு லிஸ்டை அப்பெண்ட் செய்தால் அது மொத்தமாக ஒரே ஆளாகப் போய் உட்காரும். எக்ஸ்டெண்ட் செய்தால் உள்ளே இருக்கிறவர்கள் தனித்தனியாகப் பிரிந்து உட்காருவார்கள். "கல்யாண வீட்டுக்குக் குடும்பத்தோட வாராவ. அப்பெண்ட் பண்ணுனா மூட்டையாக் கட்டி ஒரே நாற்காலியில வச்ச மாதிரி. எக்ஸ்டெண்ட் பண்ணுனா ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு எலை!" இப்போது நான் கோயம்புத்தூரில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இதில் குழம்பினால் நான் இலையைத்தான் சொல்கிறேன்.

வகுப்பு முடிகிற சமயத்தில் ஒரு போட்டி வந்தது. பெண்கள் கபடி. சுற்று வட்டாரத்திலிருந்து எட்டு ஊர் அணிகள். அண்ணாச்சி தானே எழுதிய புரோகிராமை முதன்முதலாக மைதானத்தில் ஓட்டப்போகிறார் என்று எங்களை எல்லாம் அழைத்திருந்தார். மேடை ஓரத்தில் ஒரு மேசை, அதில் அவருடைய பழைய மடிக்கணினி. தட்டச்சு செய்ய நான். டீச்சரும் வந்து பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். குளத்தூர் அணியும் ஆடுவதால் அவருக்கு அதில் ஒரு தனி ஆசை.

முந்தின இரவு நல்ல மழை. மைதானம் மணல் போட்டது, தாங்கிவிட்டது. ஊர்களிலிருந்து வருகிற பாதைகள்தான் தாங்கவில்லை. கரிசல் மண் நனைந்துவிட்டால் டயரைப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது.

பத்து மணிக்குள் வராத அணியை நீக்கிவிடுவது என்பது விதி. வந்தவர்களை நான் ஒரு லிஸ்டில் அப்பெண்ட் செய்துகொண்டே இருந்தேன். பத்து மணிக்கு இரண்டு ஊரைக் காணவில்லை. நடுக்காட்டூர், புதூர். அண்ணாச்சி மைக்கில், "இப்பொழுது நமது புரோகிராம் வராத ஊர்களை நீக்குகிறது" என்று அறிவித்துவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினார். அந்தப் பகுதியை அவர் எழுதியிருந்தது இப்படி: அகர வரிசைப்படி நிற்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போ. அந்த ஊர் வந்தவர்கள் லிஸ்டில் இல்லையென்றால் ரிமூவ் செய். பிறகு வரிசையைக் குலுக்கிப் போட்டார். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஊர்கள் சோடி. சோடியில்லாமல் தனியாகக் கடைசியில் நின்றது எப்போதும்வென்றான் என்ற ஊரின் அணி. அவர்கள் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

மூன்று ஆட்டங்கள் கிடைத்திருந்தன. இரண்டு முடிந்தன. மூன்றாவதற்குத் திரையைப் பார்த்து அண்ணாச்சி, "அடுத்த ஆட்டம், குளத்தூர், புதூர்! இரு அணிகளும் களத்துக்கு வரவும்!" என்றார்.

குளத்தூர் பெண்கள் இறங்கினார்கள். எதிர்ப்பக்கம் வெறுமை. கூட்டத்தில் ஒருவர், "புதூருதான் வரவே இல்லையே அண்ணாச்சி!" என்றார்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். புதூர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இருந்தது. நடுக்காட்டூர் மட்டும்தான் போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் மைதானத்துக்குள் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. சக்கரம் எது, மண் எது என்று தெரியவில்லை. பின்னாலிருந்து பெண்கள் குதித்தார்கள். முழங்கால் வரை கரிசல். இரண்டு அணிகளும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள்.

"புதூரும் வந்தாச்சு, நடுக்காட்டூரும் வந்தாச்சு! மூணு எடத்துல எறங்கித் தள்ளிட்டு வாரோம்!" என்றார் வண்டி ஓட்டி வந்தவர்.

நடுக்காட்டூர் அணியின் தலைவி மேசைக்கு வந்தாள். இருபது வயதிருக்கும், ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பெண் என்று பிறகு சொன்னார்கள். நான் திரையைக் காட்டி, உங்கள் ஊர் நீக்கப்பட்டுவிட்டது என்றேன்.

"புதூரு?"

"இருக்கு."

"ஒரே வண்டியில ஏறுனோம். ஒரே சேத்துல எறங்கித் தள்ளுனோம். அவியளுக்கு எடம் இருக்கு, எங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கையில் மைக் இருந்தது. "அன்பு ரசிகர்களே! இந்தப் பிள்ள கேக்குதது நியாயமான கேள்வி. வராத ரெண்டு ஊருல ஒண்ணை நீக்கிட்டு ஒண்ணை விட்டிருக்கு. புரோகிராம் எழுதுனது நான். தப்பு எங்கன இருக்குன்னு எனக்கே தெரியல!"

போட்டிக் குழுத் தலைவர் ஓடிவந்தார். பஜாரில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், காலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் காதோரம் குனிந்து, "ரெண்டு ஊரையும் தூக்கிருங்க. திரும்ப மழை வந்தா இருட்டிரும், நம்மட்ட லைட்டும் இல்ல. கம்ப்யூட்டர் சொல்லிட்டுன்னு சொல்லுங்க, யாரு கேக்கப்போறா?" என்றார்.

அண்ணாச்சி மைக்கை அணைத்ததே கிடையாது. தலைவர் குனிந்து பேசியது நாலாபக்கமும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் போய் விழுந்தது.

கூட்டத்தில் ஒரு கிழவர், "நாங்க கேக்கோம்ல!" என்றார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. தலைவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அண்ணாச்சி பதறி, "அது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்கிட்டது" என்று அதையும் மைக்கிலேயே சொன்னார். சிரிப்பு இன்னும் கூடியது.

சிரிப்பு அடங்கியதும் ஒருவர், "சரி, மிஷின் எப்படித் தப்புப் பண்ணுச்சு? அதச் சொல்லுங்க" என்றார். அண்ணாச்சி திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அதற்குள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் படித்து முடித்திருந்தார். எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"ஒரு ஆறு பேரு வரிசையா வந்து நில்லுங்க" என்றார். அந்த மெல்லிய குரல் மைதானம் முழுக்கக் கேட்டது அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும், தலையைத் தூக்கிக் குழாய்களைப் பார்த்தார். குளத்தூர்ப் பெண்கள் களத்திலேயே வரிசையாக நின்றார்கள். "மூணாவது, நாலாவது ஆளுங்கதான் வராத ஊருங்கன்னு வச்சுக்கிடுங்க. அண்ணாச்சி, நீங்க முத ஆளுல இருந்து ஒவ்வொரு எடமா நடந்து வாங்க. வராத ஆளப் பாத்தா வெளிய அனுப்புங்க."

அண்ணாச்சி முதல் இடத்தில் நின்றார், நகர்ந்தார். இரண்டாம் இடம், நகர்ந்தார். மூன்றாம் இடத்தில் நின்றவளை வெளியே போகச் சொன்னார்.

"இப்ப லிஸ்ட் இடைவெளி விடாது. பின்னால இருக்கவங்க எல்லாரும் ஒரு அடி முன்னால வாங்க."

வந்தார்கள். நாலாவது நின்றவள் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, மூணாவது எடத்த நீங்க பாத்தாச்சு. அடுத்து எங்க போவீங்க?"

அண்ணாச்சி நாலாம் இடத்துக்கு ஒரு அடி வைத்தார். பாதி அடியிலேயே நின்றுவிட்டார். "ஏ, இந்தப் பிள்ளையத் தாண்டிட்டேன்லா!"

மைதானம் ஆரவாரித்தது. தாண்டப்பட்ட பெண் கையைத் தூக்கி ஆட்டினாள். நடுக்காட்டூரும் புதூரும் அகர வரிசையில் அடுத்தடுத்து நின்றவை. முன்னதை நீக்கியதும் பின்னது அதன் இடத்துக்கு நகர்ந்து தப்பித்துவிட்டது.

"வரிசையைப் பாத்துக்கிட்டே நடக்கும்போது அந்த வரிசையிலயே கை வைக்கக் கூடாது" என்றார் டீச்சர். "அதோட நகல் ஒண்ணை எடுத்து வச்சு, நகலைப் பாத்து நடக்கணும். அசல்ல இருந்து நீக்கணும். அப்ப யாரையும் தாண்ட மாட்டோம்."

"நகல்ல நடக்கணும், அசல்ல நீக்கணும்!" என்று அண்ணாச்சி பழக்கதோஷத்தில் திருப்பிச் சொன்னார். மைக் டீச்சரிடம் இருந்தும் அது கடைசி வரிசை வரை கேட்டது.

காரணம் தெரிந்துவிட்டது, முடிவு தெரியவில்லை. விதிப்படி பார்த்தால் புதூரும் போக வேண்டும். அப்படியானால் குளத்தூர் ஆடாமலே வெற்றி. எல்லாரும் குளத்தூர்த் தலைவியைப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "சேத்துல வண்டி தள்ளிட்டு வந்தவியள அனுப்பிட்டு நாங்க என்னத்த ஜெயிக்க? ஆடுதோம்" என்றாள். எப்போதும்வென்றான் அணியில் இருந்தும் ஒருத்தி எழுந்தாள். "நாங்க சும்மாதான உக்காந்திருக்கோம். நடுக்காட்டூர எங்கட்ட விடுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, அப்பெண்ட்!"

தட்டினேன். நடுக்காட்டூர் வரிசையின் கடைசியில் போய் நின்றது, தனியாக இருந்த எப்போதும்வென்றானுக்குப் பக்கத்தில், சோடியாக.

புதூர் ஒரே ஒரு புள்ளியில் குளத்தூரை வென்றது. எனக்கு டீச்சர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. குளத்தூர்த் தலைவி முழங்கையில் சிராய்ப்போடு வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, "தோத்தாலும் நல்ல ஆட்டம்க்கா" என்று தண்ணீர் கேட்டாள். அடுத்ததில் நடுக்காட்டூர் எப்போதும்வென்றானைச் சாய்த்தது. அண்ணாச்சிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "எப்போதும்வென்றானுக்கு இன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு!" என்றார். தோற்ற பெண்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மழை வரவில்லை, ஆனால் நேரம் ஓடியது. இறுதி ஆட்டத்துக்கு முன் வெளிச்சம் மங்கியபோது மைக்கில் அண்ணாச்சி குரல் இல்லை. குழுத் தலைவர் குரல் கேட்டது. "ஏலே, யாராவது போயி நம்ம கடையத் தொறந்து நாலு போக்கஸ் லைட்டு எடுத்துட்டு வாங்க. இதையும் எல்லாரும் கேளுங்க!" அவருக்குத்தான் அன்று அதிகக் கைதட்டல். கோப்பையை விளாத்திகுளம் கொண்டுபோனது.

பரிசளிப்பில் நடுக்காட்டூருக்கும் ஒரு சிறு கேடயம் கிடைத்தது, அரையிறுதி வரை வந்ததற்கு. தலைவி அதை வாங்கியதும் அண்ணாச்சி மைக்கை அவளிடம் நீட்டி, "ரெண்டு வார்த்த சொல்லு தாயி" என்றார்.

அவள் அதற்கு முன் மைக் பிடித்ததில்லை. அவள் மூச்சு மட்டும் குழாய்களில் கேட்டது. நாங்கள் காத்திருந்தோம். அண்ணாச்சி எடுத்துக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வயர் குறைவாக இருந்ததால் அது அவள் கையை இழுக்காதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் தன் அணியின் பெயர்களைச் சொன்னாள். "முத்துமாரி. பேச்சியம்மா. செல்வி. சரசு." ஒவ்வொரு பெயருக்கும் களத்தில் ஒருத்தி எழுந்தாள், மண் காய்ந்த காலோடு. "மகேஸ்வரி. காளீஸ்வரி." ஆடாமல் வெளியே இருந்தவர்களையும் சொன்னாள். வண்டி ஓட்டி வந்த டிரைவர் மாமாவையும் சொன்னாள். அவர் வெட்கப்பட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"ஒன் பேரு?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஒன் பேரச் சொல்லலையே!"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் மைக்கில் விழுந்தது. அண்ணாச்சிக்கு அவள் பெயர் தெரியும், மத்தியானம் முழுக்க அவர்தான் கத்திக்கொண்டிருந்தார். இப்போதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, வயரை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.

அவள் மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.

"ராமலட்சுமி" என்றாள்.